வேறு நாட்டில் ஷாட்கன் மைதானத்துக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மெஷின் வானில் வீசும் தட்டை ஷாட்கனால், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு ரவைகளைப் பாய்ச்சும் துப்பாக்கியால், சுடுவது எந்த ஊருக்குப் போனாலும் ஒரே விளையாட்டுதானே என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் கிளம்புகிறார்கள். தட்டு என்னவோ ஒன்றுதான். சுண்ணாம்புக்கல் தூளையும் தாரையும் சேர்த்து அழுத்திச் செய்த, சுமார் 11 சென்டிமீட்டர் அகலமும் நூறு கிராம் சொச்சம் எடையும் உள்ள வட்டம். மற்றதெல்லாம் மாறும். துப்பாக்கியை யார் தொடலாம், ஒரு தட்டுக்கு எத்தனை தோட்டா, தட்டைக் கூப்பிடும்போது (எறியச் சொல்லிக் குரல் கொடுக்கும்போது) துப்பாக்கி தோளில் இருக்கலாமா இடுப்பில் இருக்க வேண்டுமா, சுட்டு முடித்து நடந்து வரும்போது அதை எப்படிப் பிடிக்க வேண்டும், இவை எல்லாமே நாட்டுக்கு நாடு வேறு. வேலைக்கோ படிப்புக்கோ நாடு மாறிப் போய், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் கூப்பிட்டார் என்று போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே சொந்த நாட்டில் சுட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் பழக்கம் உள்ளவர்தான் கேட்காமல் செய்துவிடுவார்.

முதலில் சட்டம். துப்பாக்கிக்குக் கெடுபிடி என்று பெயர் எடுத்த நாட்டில் வெளிநாட்டவர் சுலபமாகச் சுட்டுப் பார்க்கலாம், துப்பாக்கி மலிந்த நாட்டில் மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மத்தியச் சட்டப்படி, எச்-1பி, எஃப்-1, பி-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வைத்திருப்பது என்றால் கடையில் வாங்கி வீட்டில் பூட்டி வைப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) வாடகைக்கு எடுப்பதும், நண்பர் தன் துப்பாக்கியை நீட்டி "நீயும் ஒரு ரவுண்டு சுடு" என்று சொல்லும்போது கையில் வாங்குவதும் அதில் அடங்கும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அதில் நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் உதவுவது ஒன்றுதான்: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வேட்டைக்குப் போயே தீர வேண்டும் என்றில்லை, உரிமம் கையில் இருந்தால் போதும். அதற்கு மேல் அந்தந்த மாநிலத்தின் சட்டம் தனி. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ரேஞ்சில் யாரும் விசாவைக் கேட்கவில்லையே என்று சிலர் சொல்வார்கள். கேட்காததால் சட்டம் இல்லாமல் போய்விடாது, துப்பாக்கி வழக்கு ஒன்று பதிவானால் விசாவுக்கே ஆபத்து. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது.

பிரிட்டன் இதற்கு நேரெதிர். சொந்தமாக ஷாட்கன் வைத்துக்கொள்ள போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும், அது ஐந்து வருடத்துக்குச் செல்லும், வீட்டில் பத்திரமான பூட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டாக்டரிடமிருந்து மருத்துவத் தகவல் கேட்பார்கள். ஆனால் போலீஸ் ஒப்புதல் பெற்ற தட்டு மைதானத்தில், எந்தச் சான்றிதழும் இல்லாதவர் மைதானத்துத் துப்பாக்கியால் தட்டுகளைச் சுடலாம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களுக்குத் தடை உண்டு, வட அயர்லாந்துக்குச் சட்டம் தனி. மற்றபடி, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்லும் நாடு பிரிட்டன்தான். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுக்கும் பழக்கமும் அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் நடந்த படுகொலைக்குப் பிறகு சட்டம் தலைகீழாக மாறியது. உரிமம் வாங்க உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது காரணமாக ஏற்கப்படாது. செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது), பம்ப் (முன்பிடியைக் கையால் இழுத்து ஏற்றுவது) ஷாட்கன் இரண்டுக்கும் கடுமையான கட்டுப்பாடு. அதனால் அங்கே மைதானத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மடக்கித் திறக்கும் இரட்டைக் குழல்தான். உரிமம் இல்லாதவர் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்க மாநிலத்துக்கு மாநிலம் வேறு ஏற்பாடு. நியூ சவுத் வேல்ஸில் பி650 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜப்பானில் வேடிக்கை பார்ப்பதோடு சரி. அங்கே அனுமதி ஆளுக்கு மட்டும் கொடுப்பதில்லை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். வகுப்பு, எழுத்துத் தேர்வு, மைதானத்தில் சுட்டுக் காட்டும் தேர்வு, போலீஸ் விசாரணை எல்லாம் தாண்டி வந்தவருக்குத் தன் துப்பாக்கியைச் சுட உரிமை உண்டு, உங்களுக்குக் கடன் கொடுக்க உரிமை இல்லை. எனவே ஜப்பானிய நண்பரிடம் "ஒரே ஒரு ஷாட்" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

சட்டம் முடிந்தது, இனி ஆட்டம். ஒரு நாட்டில் இந்த விளையாட்டு எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் பாதி தானாகப் புரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். பெட்டியில் அடைத்த உயிருள்ள புறாவைத் திறந்துவிட்டுச் சுடுவது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அப்படி ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவில் நடுவில் கொஞ்ச காலம் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டார்கள், அப்புறம் 1880-இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி தட்டு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் பெட்டிப் புறாவைச் சுடுவதற்கு 1921-இல் சட்டமே தடை போட்டது. இன்றைக்கும் பல நாடுகளில் தட்டைப் 'பறவை' என்றுதான் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் இந்த ஆட்டம் வேட்டையின் ஒத்திகையாகவே வளர்ந்தது. அதனால் அங்கே மக்கள் விரும்புவது ஸ்போர்ட்டிங். மரங்களுக்கு நடுவே ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நடந்து போவீர்கள். ஓரிடத்தில் தட்டு தலைக்கு மேலே உயரமாக வரும், இன்னோரிடத்தில் முயல் மாதிரி தரையில் உருண்டு துள்ளும், வேறோர் இடத்தில் குளத்திலிருந்து வாத்து எழும்புவதுபோல் நேராக மேலே போகும். இரண்டு தட்டுகள் ஒன்றாக வரலாம், அல்லது முதல் தட்டைச் சுட்ட சத்தம் கேட்டதும் இரண்டாவது வரலாம். ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பக்கமும் தடுத்த ஒரு கூண்டு இருக்கும், உள்ளே நின்றால்தான் தோட்டா போடலாம், இரண்டுக்கு மேல் போடக்கூடாது. உங்கள் மதிப்பெண் அட்டையை நடுவரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். குழுவில் முதலாவதாகச் சுடுகிறவர் தட்டுகள் எப்படி வருகின்றன என்று ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிரிட்டனில் உங்களை எடைபோடுவது எத்தனை தட்டு உடைத்தீர்கள் என்பதை வைத்து இல்லை, துப்பாக்கியை உறையிலிருந்து எப்படி எடுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான். இதை ஒழுங்காகச் செய்கிறவரைப் பாருங்கள்: உறையின் மூடியை அவிழ்ப்பார், கட்டைப் பக்கத்தை (தோளில் வைக்கும் பகுதியை) மட்டும் வெளியே எடுப்பார், குழல் உறைக்குள் இருந்தபடியே தரையைப் பார்த்திருக்கும்போதே மடக்கித் திறப்பார், தோட்டா போடும் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முழுத் துப்பாக்கியும் வெளியே வரும். திரும்ப வைக்கும்போது இதே வரிசை தலைகீழாக. இந்த நாலு செயலுக்கு ஐந்து வினாடிகூட ஆகாது. ஆனால் இதைப் பார்த்த மாத்திரத்தில் சுற்றி நிற்பவர்களின் முகம் தளர்வதைக் கவனிக்கலாம், இவர் பக்கத்தில் நிம்மதியாக நிற்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. செமி ஆட்டோவை மடக்க முடியாது என்பதால், அறை காலி என்று தூரத்திலிருந்தே தெரிய ஒரு வண்ணக் கொடித் துண்டைச் செருகி வைப்பார்கள். செமி ஆட்டோவுக்குத் தடை ஒன்றும் கிடையாது, ஆனால் அது எப்போதும் காலியாகத் தெரிய வேண்டும் என்பதில் பிரிட்டிஷ்காரர்கள் கறார்.

அமெரிக்காவில் ஆட்டத்தின் முகமே வேறு. அங்கேயும் வேட்டையிலிருந்துதான் தொடங்கியது, 1920 வாக்கில் மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்பவர் காட்டுக்கோழி வேட்டைக்குப் பழகத்தான் நண்பர்களோடு ஸ்கீட்டை, அதாவது இரண்டு பக்கமிருந்தும் குறுக்கே பறக்கும் தட்டுகளை நிலை மாறி நின்று சுடும் ஆட்டத்தை, உருவாக்கினார். ஆனால் நாளடைவில் அது ஸ்கோர் விளையாட்டாகிவிட்டது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து, நூறுக்கு நூறு, சராசரி எவ்வளவு, இதுதான் பேச்சு. ட்ராப் (முன்னால் உள்ள அறையிலிருந்து விலகிப் பறக்கும் தட்டைச் சுடுவது) போட்டிகளின் பெரிய திருவிழாவான கிராண்ட் அமெரிக்கன் நடக்கும் இல்லினாய்ஸின் ஸ்பார்ட்டா மைதானத்தில் 120 ட்ராப் களங்கள் ஒரே வரிசையில், மூன்றரை மைல் நீளத்துக்கு நிற்கின்றன. பள்ளி மாணவர்களுக்கென்றே அங்கே ட்ராப் லீக்குகள் நடக்கின்றன, பெற்றோர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அமெரிக்க ட்ராப்பில் ஐந்து பேர் ஐந்து நிலைகளில், தட்டு எறியும் அறைக்கு 16 கெஜம் பின்னால் நிற்பார்கள். இடமிருந்து வலமாக ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. எல்லாரும் ஐந்து தட்டு சுட்டதும் அடுத்த நிலைக்கு நகர வேண்டும், ஐந்தாம் நிலையில் இருந்தவர் அனைவருக்கும் பின்னால் சுற்றி முதல் நிலைக்கு வருவார். நகரும்போது துப்பாக்கி திறந்திருக்க வேண்டும். இங்கே எழுதாத விதி ஒன்று இருக்கிறது, அதுதான் தாளம். ஒருவர் சுட்டதும் அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும், நடுவில் பேசுவதோ, கீழே விழுந்த தோட்டா உறையைக் குனிந்து எடுப்பதோ, பக்கத்து ஆள் குறிபார்க்கும்போது அசைவதோ கூடாது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்டிங்கில் கூண்டுக்கு வெளியே நின்று மெல்லிய குரலில் "நல்லா அடிச்சே" என்று சொல்வது சகஜம். அதையே ட்ராப் வரிசையில் செய்தால் ஐந்து பேரின் கவனமும் கலையும். செமி ஆட்டோ வைத்திருப்பவர் வெளியே துப்பும் காலி உறை வலப்பக்கத்து ஆள் மேல் படாமல் இருக்க ஒரு சின்னத் தடுப்பு மாட்டிக்கொள்வது மரியாதை.

துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளும் விதமும் அங்கே வேறு. திறந்தபடி வரிசையாக நிறுத்த மர அலமாரிகள் இருக்கும், உறைக்குள் வைக்கும் பழக்கம் குறைவு. நீங்கள் பிரிட்டிஷ் பழக்கத்தில் உறைக்குள் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அமெரிக்கப் பழக்கத்தில் செமி ஆட்டோவைக் கொடித் துண்டு இல்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டு பிரிட்டிஷ் மைதானத்தில் நடந்தால் உடனே ஒருவர் வந்து பேசுவார். எனவே எந்த நாடு என்று குழப்பமாக இருந்தால் கடுமையான பழக்கத்தையே கடைப்பிடியுங்கள்.

ஒரே பெயர் வேறு வேறு ஆட்டத்தைக் குறிக்கும் என்பதையும் பதிவு மேஜையிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'ட்ராப்' என்றால் அமெரிக்காவில் நான் மேலே சொன்னது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே வரிசை முறையில் 'டவுன் தி லைன்' ஆடுகிறார்கள், ஆனால் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. முதல் தோட்டாவில் உடைத்தால் மூன்று புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் இரண்டு. அதனால் அங்கே இருபத்தைந்து தட்டுக்கு முழு மதிப்பெண் 75. இத்தாலியில் 'ட்ராப்' என்று சொன்னால் பெரும்பாலும் ஒலிம்பிக் ட்ராப்தான்: தரைக்குக் கீழே குழியில் பதினைந்து மெஷின்கள், ஒவ்வொரு நிலைக்கும் மூன்று, எதிலிருந்து வரும் என்று தெரியாது, தட்டு 76 மீட்டர் தூரம் போகும் வேகத்தில் பாயும். அமெரிக்க ட்ராப்பில் இருபத்திரண்டு உடைக்கிறவர் இங்கே பத்து உடைத்தால் மனம் தளர வேண்டியதில்லை.

ஸ்கீட்டும் அப்படித்தான். அமெரிக்க ஸ்கீட்டில் எட்டு நிலைகள், துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டே தட்டைக் கூப்பிடலாம். இங்கிலீஷ் ஸ்கீட்டில் எட்டாவது நிலை கிடையாது. ஒலிம்பிக் ஸ்கீட்டில் கட்டை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்ட பிறகு தட்டு உடனேயும் வரலாம், மூன்று வினாடி கழித்தும் வரலாம், அது கண்ணில் பட்ட பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு ஏற வேண்டும். என்னைக் கேட்டால் ஷாட்கன் விளையாட்டிலேயே அழகானது இதுதான். அமெரிக்காவின் வின்சென்ட் ஹேன்காக் இதில் 2008, 2012, 2020, 2024 என்று நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார். 1992 பார்சிலோனாவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட்டில் சீனாவின் ஷாங் ஷான் தங்கம் வென்றதை இன்றைக்கும் மைதானங்களில் சொல்கிறார்கள்.

இத்தாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஷா மாவட்டத்தில் துப்பாக்கித் தொழில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, பெரெட்டா நிறுவனத்தின் பழைய கணக்கு 1526 வரை போகிறது, பெராஸி நிறுவனமும் அந்த வட்டாரம்தான். 1964 டோக்கியோவில் ட்ராப் தங்கம் வென்ற என்னியோ மத்தாரெல்லி, பெராஸியோடு சேர்ந்து போட்டித் துப்பாக்கிகளை வடிவமைத்தார். அதனால் அங்கே பேச்சு குழல் நீளம், கட்டையின் வளைவு, விசையின் எடை என்று துப்பாக்கியின் உடற்கூறைச் சுற்றியே ஓடும். உங்கள் துப்பாக்கியைப் பற்றி யாராவது விடாமல் கேட்டால் அது நட்பின் அடையாளம், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

தோட்டா வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஏழாம் எண் ரவையும் அமெரிக்க ஏழரை எண் ரவையும் ஒரே அளவுதான், சுமார் 2.4 மில்லிமீட்டர். எடையிலும் வித்தியாசம் உண்டு: ஒலிம்பிக் ஆட்டங்களில் 24 கிராமுக்கு மேல் கூடாது, பிரிட்டிஷ் போட்டிகளில் 28, அமெரிக்காவில் 32 கிராம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் பல மைதானங்கள் மேய்ச்சல் நிலத்தில் இருப்பதால் பிளாஸ்டிக் அடைப்பு (வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைப்பது) உள்ள தோட்டாவை அனுமதிப்பதில்லை, நாரால் செய்த அடைப்பு கேட்பார்கள். டென்மார்க் போன்ற நாடுகளில் ஈய ரவைக்கே இடமில்லை, எஃகு ரவைதான். எஃகு என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால் ஓரிரு அளவு பெரியதாக எடுக்க வேண்டும், பழைய துப்பாக்கியிலும் இறுக்கமான சோக்கிலும் (குழல் முனையின் குறுகலிலும்) அதைப் போடக்கூடாது. ஐரோப்பியத் துப்பாக்கியின் குழலில் அல்லிப்பூ போன்ற முத்திரை இருந்தால் அழுத்தம் கூடிய எஃகுத் தோட்டாவுக்கும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

எந்த நாடாக இருந்தாலும் மாறாத ஒன்று: பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு எண்; எண் கூடினால் குழல் சிறியது) தோட்டாவையும் இருபது போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலுக்குள் வழுக்கிப் போய் உள்ளே அடைத்துக்கொள்ளும், அறை காலி என்று நினைத்து அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். கண்ணாடியும் காதடைப்பும் அப்படித்தான், கேட்காத மைதானத்திலும் போட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோவது பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனுக்கு அங்குள்ள ஒருவர் உங்கள் சார்பில் முன்கூட்டியே போலீஸிடம் வருகையாளர் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்காவுக்கு 6என்ஐஏ என்ற இறக்குமதிப் படிவம் முதலிலேயே ஒப்புதலாகி வர வேண்டும். விமானத்தில் தோட்டா ஆளுக்கு ஐந்து கிலோதான், அதுவும் சரக்குப் பெட்டியில், நூற்றுச் சொச்சம் தோட்டாவிலேயே அது தீர்ந்துவிடும். போட்டிக்குப் போகாதவர்களுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை என்பேன், சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் மைதானத்திலேயே வாடகைக்கு எடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது எந்த ஆட்டம் ஆடப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ட்ராப் துப்பாக்கி, மேலே ஏறிக்கொண்டிருக்கும் தட்டுக்காகக் குறிக்குச் சற்று மேலேயே சுடும்படி செய்யப்பட்டது. அதைக் கொண்டுபோய் ஸ்கீட்டிலோ ஸ்போர்ட்டிங்கிலோ நின்றால் சரியாகப் பார்த்துச் சுட்ட தட்டுகளின் தலைக்கு மேலேயே ரவை போய்க்கொண்டிருக்கும், ஏன் என்று புரியாது. நீங்கள் இடதுகைக்காரர் என்றால் அதையும், எந்தக் கண் முதன்மைக் கண் என்பதையும் சொல்லிவிடுங்கள். கையை முழுதாக நீட்டி, தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் அந்தப் பொருளைவிட்டு நகராமல் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். அது கட்டை வைக்கும் தோளுக்கு எதிர்ப்பக்கக் கண்ணாக இருந்தால் முதல் தட்டுக்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுப்பார்.